திருத்துவதா, மாற்றுவதா?

இயந்திரங்களைப் பற்றிய பேச்சு இலக்கியப் பகுதிக்கு உரியதன்று எனக் கருதும் அன்பர்கள் சிலர் இருக்கக்கூடும். ஆயின் மனிதர் எவ்வாறு முடிவெடுக்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், எதனை ஆராயாது விடுகின்றனர் என்பன இலக்கியத்துக்கு உரிய பொருள்களே. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ, ஒயில் படிந்த ஒரு கராஜின் வாசலில் நின்றுகொண்டு ஒரு குடும்பத்தலைவன் எடுக்கும் முடிவும் அப்பொருள்களுள் அடங்கும். அவனுடைய மோட்டார் வண்டியின் எஞ்சின் செயலற்றுப்போயிற்று. அதனைப் பிரித்துத் திருத்துவதா, அன்றிக் கழற்றிப் போட்டுவிட்டு வேறோர் எஞ்சினைப் பொருத்துவதா என்பது வினா. வீட்டில் மகளின் கல்விச் செலவு காத்திருக்கிறது. வங்கியில் இருப்பது சொற்பம். அயலவர் ஆளுக்கொரு யோசனை சொல்லுகின்றனர். அன்று மாலைக்குள் ஏதேனும் ஒன்றை அவன் சொல்லியாக வேண்டும். சொன்ன பின்னர், அவ்வாண்டு முழுவதும் அக்குடும்பத்தின் வரவுசெலவு அச்சொல்லைப் பொறுத்தே நடக்கும்.

இவ்வினா முறைதவறிக் கேட்கப்படுகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம். திருத்துவதா மாற்றுவதா என்பது இரண்டாம் வினா. அது ஏன் பழுதாயிற்று என்பதே முதல் வினா. மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்துத் தந்த ஒழுங்கு நம் மாணவர் எல்லோரும் மனனம் செய்தது. பிணி யாதெனத் தெளிந்து, அது எங்கிருந்து எழுந்தது எனத் தேடி, அதன் பின்னரே தீர்க்கும் வழியிற் புகவேண்டும் என்பது அதன் கருத்து. பரீட்சைத் தாளில் இதற்கு விளக்கம் எழுதி முழுப்புள்ளி பெற்ற நாமே, கராஜின் வாசலுக்கு வந்தவுடன் நடுப்படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். எஞ்சின் நின்றது தெரிகிறது. உடனே விலை கேட்கிறோம். எதனால் நின்றது என்று கேட்பதற்கு நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

இந்நாட்டில் இம்முடிவு ஏன் இவ்வளவு கனமானது என்பதை முதலிற் பார்ப்போம். மேனாட்டு ஏடுகளில் ஒரு பொதுவிதி அடிக்கடி சொல்லப்படும்: திருத்தும் செலவு வண்டியின் விலையிற் பாதியைத் தாண்டுமாயின் வண்டியையே கைவிட்டுவிட வேண்டும் என்பது. அவ்விதி பிறந்த நாடுகளில் வண்டி மலிவு. தொழிலாளியின் ஒரு மணி நேரம் விலை உயர்ந்தது. இங்கே நிலைமை தலைகீழானது. அறுபதுகளில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1970 முதல் 1977 வரையிலான ஆண்டுகளில் இறுகின. புதிய காரைக் காண்பதே அரிதாயிற்று. 1977 இன் பின்னர் வாசல் திறந்தது. யப்பானிய வண்டிகள் நிறைந்தன. 2020 மார்ச்சில் வெளிநாட்டுச் செலாவணியைக் காக்கும் பொருட்டு வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது சில வாரங்களில் 350 ரூபாவையும் கடந்தது. தனிப்பட்டோர் பாவனைக்கான வாகனங்களை 2025 பெப்ரவரியிலேதான் மறுபடியும் இறக்குமதி செய்ய வழி பிறந்தது. அப்போதும் வரிகள் வண்டியின் அடக்க விலையையே விஞ்சும் அளவில் இருந்தன.

இதன் பயன் யாது? பத்தாண்டு ஓடிய வண்டியை வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றவர்களை நாம் கண்டோம். பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கு என்னும் அறிவுரை இவ்வூரில் நடுத்தரக் குடும்பத்துக்குப் பொருந்தாது. வண்டியை வைத்துக்கொண்டே ஆகவேண்டும். ஆகவே எஞ்சினைப் பற்றிய முடிவைத் தட்டிக்கழிக்கவும் இயலாது. அயல்நாட்டு விதியை அப்படியே கொண்டுவந்து நம் வாசலில் நட்டால், அது இந்த மண்ணிற் பிடிக்காது.

முடிவு என்று வந்துவிட்டால், கொழும்பு வாசியின் கால்கள் பெரும்பாலும் பஞ்சிகாவத்தையை நோக்கியே நடக்கும். மருதானைக்கு அருகிலுள்ள அவ்விடம் உதிரிப்பாகங்களின் நகரம். கதவுகளும் கண்ணாடிகளும் விளக்குகளும் கூரையைத் தொடும்படி அடுக்கப்பட்டிருக்கும் அக்கடைகளில், யப்பானிலிருந்து வந்த எஞ்சின்கள் வரிசையாய் இருக்கக் காணலாம். யப்பானில் புதிய காருக்கு 3 ஆண்டு கழிந்ததும், பின்னர் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்காகும் செலவைக் கருதி அங்குள்ளோர் பலர் வண்டியை இளமையிலேயே கைவிடுகின்றனர். அவர்கள் கைவிட்டவற்றின் உறுப்புகளே கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்கின்றன. அவற்றுள் நல்லவை பல உண்டு. அவற்றை வாங்கிப் பல்லாண்டு இன்னலின்றி ஓட்டியோரையும் நான் அறிவேன்.

ஆயினும் அவற்றுக்கு நாம் இட்டிருக்கும் பெயரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமலிருக்க முடியாது. 'ரீகண்டிஷன்' என்கிறோம். புதுக்கிச் செம்மை செய்யப்பட்டது என்பதே அச்சொல்லின் நேர்பொருள். பிரித்து, அளந்து, தேய்ந்த உறுப்பை நீக்கி, புதிய வளையங்களும் பெயாரிங்குகளும் இட்டு மீளக் கட்டிய எஞ்சினுக்கே அது தகும். இங்கோ, கழற்றிக் கழுவி ஏற்றி அனுப்பப்பட்ட எந்த எஞ்சினுக்கும் அப்பெயர் வழங்குகிறது. அது பாவித்த எஞ்சின், அவ்வளவே. சொற்களைக் கையாள்வதைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் இதனைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல் தன் பொருளை இழந்து வேறு பொருளில் வழங்குவது மொழியின் இயல்பே. ஆனால் அந்த இடைவெளியில் ஓர் ஏழையின் பணம் விழுந்து மறையுமாயின், அதனை மொழியின் இயல்பு என்று சொல்லிவிட்டு நாம் வாளாவிருக்கலாகாது. தன் பழைய எஞ்சினின் வரலாற்றை அவன் அறிவான். எப்போது ஒயில் மாற்றினான், எந்த மேட்டில் அது திணறியது என்பது அவனுக்குத் தெரியும். புதிதாய் வாங்கும் பழைய எஞ்சினின் வரலாறு அவனுக்குத் தெரியாது. தெரிந்த குறையைக் கொடுத்துவிட்டுத் தெரியாத குறையை வாங்குகிறான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கொட்டாஞ்சேனையில் பாடசாலை வான் ஓட்டுபவர். விடியற்காலையில் ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படுவார். பிற்பகலில் அவர்களைக் கொண்டுவந்து வீட்டில் விடுவார். அந்த வானே அவர் குடும்பத்தின் வயலும் வாய்க்காலும். ஒருநாள் எஞ்சின் கொதித்து நின்றது. ஒரு வாரம் வான் ஓடாவிட்டால் பெற்றோர் வேறு வானைத் தேடிக்கொள்வர் என்னும் அச்சம் அவரை வாட்டிற்று. மனைவியின் நகைகளை அடகு வைத்தார். வேறோர் எஞ்சின் வாங்கினார். 3 நாளில் பொருத்தினார்கள். எல்லோரும் மகிழ்ந்தனர். நான்கு மாதம் செல்லுமுன் அந்த எஞ்சினும் அதேவிதமாகக் கொதித்து நின்றது.

இம்முறை அவர் சென்றது வயது முதிர்ந்த ஒரு மெக்கானிக்கிடம். அவர் எஞ்சினைத் தொடவில்லை. முதலில் றேடியேற்றரைக் கழற்றி ஒரு வாளி நீரை அதனுள் ஊற்றினார். மேலே ஊற்றிய நீர் கீழே சொட்டுச் சொட்டாகவே வந்தது. குழாய்களிற் பாதிக்கு மேல் துருவும் சுண்ணாம்புப் படிவும் அடைத்திருந்தன. "தம்பி, நீர் மாற்றினது எஞ்சினைத்தான், அதைக் கொன்றவன் இன்னும் முன்னுக்குத்தான் நிற்கிறான்" என்றார் அவர். அடகு நகை மீளவில்லை. அந்த வானோட்டி இழந்தது இரண்டு எஞ்சின்கள் என்று கணக்கிடுவோர் உண்டு. என் கணக்கில் அவர் இழந்தது, ஒரு கேள்வியைக் கேட்பதற்கு வேண்டியிருந்த ஒரு நாள்.

கொழும்பில் எஞ்சின்கள் எவ்வாறு சாகின்றன என்பதை ஒருவாறு விளக்குவது இவ்விடத்திற் பொருந்தும். காலி வீதியில் மாலை நேரத்தில் வண்டிகள் ஊர்ந்து செல்கின்றன. வேகமாக ஓடும்போது எதிர்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கும். ஊர்ந்து செல்லும்போது அப்பணி முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. வெள்ளவத்தையிற் கடலுக்கு அணித்தான ஒழுங்கைகளில் நிறுத்தப்படும் வண்டிகளின் உலோகத்தை உப்புக்காற்று இரவு பகலாக அரித்துக்கொண்டிருக்கிறது. உரிய கூலன்ட் திரவத்துக்குப் பதிலாகக் குழாய்நீரை ஊற்றுவது நம்மிடையே உள்ள வழக்கம். அது உள்ளே துருவையும் படிவையும் வளர்க்கிறது. நமது வெயிலுக்கு வேண்டாம் என்று கூறித் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கமும் உண்டு. எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை அடைந்து அதிலே நிலைபெறுவதற்காகவே அச்சிறு கருவி வைக்கப்பட்டது. அஃதில்லாத எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்த நிலையில் ஓடிக் கூடுதலாகத் தேய்கிறது. கூடுதலாக எரிபொருளும் குடிக்கிறது.

எஞ்சின் மிகையாகக் கொதித்தால் சிலிண்டர் ஹெட் வளைகிறது. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலுள்ள கஸ்கெட் விட்டுக்கொடுக்கிறது. அவ்வழியாக நீர் ஒயிலிற் கலக்கிறது. ஒயில் பாற்றேநீரின் நிறத்தை அடைகிறது. அந்நிலையிலும் வீடு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று ஓட்டினால், வழுக்கும் தன்மையை இழந்த அந்த ஒயில் பெயாரிங்குகளைக் காக்கமாட்டாது. கிராங் சாப்ற் கீறுபடும். ஆக, ஒரு கஸ்கெட்டின் விலையில் முடிந்திருக்க வேண்டியது ஒரு முழு எஞ்சினின் விலைக்கு ஏறுகிறது. இன்னொரு வகை மரணமும் உண்டு. பல எஞ்சின்களில் டைமிங் பெல்ற் அறுந்தால் வால்வுகளும் பிஸ்ரன்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. குறித்த தூரம் ஓடியதும் அதனை மாற்றவேண்டும் என்று வண்டியோடு வந்த கைந்நூல் சொல்லியிருக்கும். அந்நூலைத் திறந்து பார்ப்பார் நம்முள் அரியர்.

காரணம் தெரிந்தபின் அளவு தெரியவேண்டும். நல்ல மெக்கானிக் வாயாற் பேசுமுன் கருவியாற் பேசுவான். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மானியால் அளப்பான். ஹெட்டைக் கழற்றி அதன்மீது நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடையில் மெல்லிய தகட்டைச் செலுத்திப் பார்ப்பான். ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு வளைவே பல கார் எஞ்சின்களுக்கு எல்லை. அதனைக் கடந்திருந்தால் லேத் பட்டறையிற் சீவி மட்டப்படுத்தலாமா, சீவுதற்கு உலோகம் எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பான். சிலிண்டரின் சுவர் முட்டைவடிவாகத் தேய்ந்திருக்கிறதா, கிராங் சாப்ற்றை எவ்வளவு கடையலாம், புளொக்கில் வெடிப்பு உண்டா என்று பார்ப்பான். இவை யாவும் எழுதிவைக்கக்கூடிய எண்கள். இவ்வெண்களை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்பது அவமரியாதை ஆகாது. கேட்பவனையும் கொடுப்பவனையும் அது காக்கிறது. எண் ஒன்றும் கூறாமல், 'எஞ்சின் முடிந்துபோயிற்று, மாற்றுங்கள்' என்பவன் சொல்வது முடிவன்று, அது ஊகம். எண் ஒன்றும் கூறாமல், 'கவலைப்படாதீர்கள், ஓவரோல் செய்து தருகிறேன்' என்பவன் சொல்வதும் அத்தகையதே.

நான் திருத்துவோர் கட்சியைச் சேர்ந்தவன் என்று எவரும் எண்ணவேண்டா. மாற்றுவதே அறிவான செயலாகும் சந்தர்ப்பங்கள் உள. புளொக் வெடித்திருந்தால், பிஸ்ரன் தண்டு முறிந்து சுவரைத் துளைத்திருந்தால், சீவுதற்கும் கடைவதற்கும் உலோகம் எஞ்சாதிருந்தால், மாற்றுதல் வேண்டும். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளின் கனத்த வார்ப்பிரும்பு எஞ்சின்களை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, 40 பங்கு, 60 பங்கு எனப் படிப்படியாகத் துளைத்துப் பெருத்த பிஸ்ரன் இடலாம். அவை மூன்று பிறவி எடுக்கத்தக்கனவாகவே செய்யப்பட்டன. இக்காலத்து அலுமினிய எஞ்சின்கள் பலவற்றில் லைனர்கள் மெல்லியவை. அத்தகைய மறுபிறவிக்கு அவற்றுள் இடம் குறைவு. நாள்தோறும் ஓடிச் சம்பாதிக்க வேண்டிய வண்டி ஒரு மாதம் கராஜிற் கிடப்பதால் உண்டாகும் இழப்பையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். இவ்வளவும் ஆராய்ந்தபின் ஒருவர் எஞ்சினை மாற்றினால், அவரை நான் பாராட்டுவேன். புதிதாக வரும் எஞ்சினின் இறக்குமதி ஆவணங்களைக் கேட்டுப் பெறுக என்று மட்டும் கூறுவேன். ஏனெனில் வாகனப் பதிவுச் சான்றிதழில் சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிந்துகொள்ளாதவர், விற்கும் நாளில் அதன் துன்பத்தை உணர்வார்.

திருத்துவதிலும் ஒரு மயக்கம் உண்டு. வெள்ளவத்தையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் இளமைக் காலத்துச் சிறிய காரின் எஞ்சினை ஐந்தாண்டில் மூன்று முறை திருத்துவித்தார். அது தம் குடும்பத்தில் ஓர் அங்கம் என்பார். புளொக்கில் மயிரிழை அளவில் ஒரு வெடிப்பு இருந்ததை மூன்றாம் முறையிலேயே கண்டுபிடித்தனர். முதல் முறையே அளந்து பார்த்திருந்தால் அன்றே மாற்றியிருக்கலாம். வானோட்டி அச்சத்தினால் மாற்றினார். ஆசிரியர் அன்பினால் திருத்தினார். இருவரும் நடுப்படியைத் தாண்டியவர்களே. அச்சமும் அன்பும் மனிதனுக்கு வேண்டிய குணங்கள். ஆனால் அவை அளவுகோலின் வேலையைச் செய்யமாட்டா.

பண்டைக் கிரேக்கர் ஒரு புதிர் சொன்னார்கள். தேசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து வந்தனர். உக்கிய பலகையை ஒவ்வொன்றாக நீக்கிப் புதுப்பலகை பொருத்தினர். பழைய பலகை ஒன்றேனும் எஞ்சாத நாளில், அது அதே கப்பல்தானா என்று தத்துவஞானிகள் வாதிட்டனர் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கியூபாவுக்குச் சென்றோர் இப்புதிரைத் தெருவிலேயே காணலாம். 1962 இல் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையின் பின், ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்களுக்குள் சோவியத் நாட்டு எஞ்சின்களைப் பொருத்தி அம்மக்கள் ஓட்டிவந்தனர். இந்தியாவில் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசடர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யப்பானிய இசுசூ எஞ்சினைத் தாங்கிக்கொண்டு 2014 வரை உற்பத்தியிலிருந்தது. மாற்றுவது துரோகமும் அன்று. திருத்துவது தெய்வீகமும் அன்று. கப்பலைக் காத்தவர்கள் எந்தப் பலகை உக்கியது என்பதைத் தட்டிப் பார்த்து அறிந்திருந்தனர் என்பதே என் மனத்தில் நிற்பது.

அத்தகைய அறிவு நம்மவர்க்கு அந்நியமானதன்று. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில், பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. ஒஸ்ரின் காரையும் மோட்டார் சைக்கிளையும் சில துளி பெற்றோல் ஊற்றி உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் முழுதும் எரியாமல் ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும், கரி படியும் என்பன ஓட்டியவர்க்கும் திருத்தியவர்க்கும் தெரிந்திருந்தன. அதற்கேற்ப ஒயிலை மாற்றினர், கரியைச் சுரண்டினர். உதிரிப்பாகம் வராத ஊரில், கேட்காத கேள்விக்கு விலை மிக அதிகம். அத்துன்பத்தை நான் புகழ்ந்து பாடவில்லை. அத்தகைய காலம் எவர்க்கும் வரவேண்டா. ஆனால் அக்காலத்தில் அவர்கள் கற்றதை, பொருள் நிறைந்த காலத்தில் நாம் மறந்துவிட்டோம் என்பது உண்மை.

இப்பொழுது இன்னொரு தடை எழுந்திருக்கிறது. புதிய வண்டிகளிற் பழுதைக் கணினி அறிகிறது. அக்கணினியின் மொழியை எல்லாக் கராஜ்களும் படிக்க இயலுவதில்லை. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில், வண்டியின் பழுதை அறிவதற்கான தகவல்களை உற்பத்தியாளர் தனியார் கராஜ்களுக்கும் தரவேண்டும் என்று 2012 இல் சட்டம் இயற்றினர். வாகனத்தின் உரிமை என்பது அதன் திறவுகோலோடு முடிவதில்லை. அதற்கு என்ன நேர்ந்தது என்று அறியும் உரிமையும் அதனுள் அடங்கும் என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து. கலப்பு மின்வண்டிகள் நிறைந்துவிட்ட நம் நாட்டிலும் இதனைப் பற்றி உரத்துப் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. அறிய முடியாத பழுதுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. வேறு வழி இல்லாத இடத்தில் விலை சொல்பவனே அரசன்.

இவ்விடத்தில் ஆசிரியர்களை நோக்கி ஒரு விண்ணப்பம். 1958 இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அதன் பஸ்களைப் பேணுவதற்கு வல்லுநர் வேண்டும் என்று உணர்ந்து, ஜேர்மன் நாட்டின் உதவியுடன் 1959 இல் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் ஒன்றை நிறுவினார்கள். இலங்கை - ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் என்னும் பெயருடன் அது இன்றும் மாணவரைப் பயிற்றுகிறது. பஸ்ஸை வாங்கினாற் போதாது, அதனை அறிந்தவனையும் உருவாக்கவேண்டும் என்று அன்றைய அரசு எண்ணியது. நம் வீடுகளிலோ, சாதாரண தரப் பரீட்சையில் தவறிய பிள்ளையைக் கராஜுக்கு அனுப்புவதாகப் பயமுறுத்துகிறோம். எண்ணத் தெரியாதவனுக்கு உரிய இடம் என்று நாம் இகழும் அவ்விடத்திலேதான், மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை அளக்கவேண்டியிருக்கிறது. தண்டனையாக ஒரு தொழிலுக்கு அனுப்பப்பட்டவன் அத்தொழிலிற் காரணம் தேடுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவனை நாம் மதிக்கவில்லை. பின்னர் அவன் அளக்காமற் பேசுகிறான் என்று குறைகூறுகிறோம்.

காரணம் தேடும் பழக்கம் வகுப்பறையில் வளரவேண்டும். விடை பிழைத்த மாணவனுக்குச் சரியான விடையைக் கொடுத்துவிட்டு அப்பாற் செல்லும் ஆசிரியர், எஞ்சினை மாற்றிக் கொடுப்பவரைப் போன்றவர். எந்தப் படியிற் பிழைத்தாய் என்று கேட்பவர் றேடியேற்றரைக் கழற்றிப் பார்ப்பவர். முதலாமவரின் முறை விரைவானது. ஆனால் அடுத்த கணக்கிலும் அதே பிழை வரும்.

ஆதலின், எஞ்சின் நின்ற அன்று கராஜின் வாசலில் நிற்கும் அன்பருக்கு என் ஆலோசனை சுருக்கமானது. ஒரு நாள் பொறுங்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்ல அன்றைக்கு ஒரு முச்சக்கர வண்டிக்குக் கூலி கொடுக்க நேர்ந்தாலும் கொடுங்கள், அது நட்டமன்று. ஏன் நின்றது என்று கேளுங்கள். அளந்த எண்களைத் தாளில் எழுதி வாங்கி, இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். பழைய எஞ்சினைக் கொன்ற காரணம் நீங்கியதா என்பதை, திருத்தினாலும் மாற்றினாலும், உங்கள் கண்ணாற் பாருங்கள். அதன் பின்னர் எதனைத் தேர்ந்தாலும் அது உங்கள் முடிவாக இருக்கும். அதற்கு முன்னர் தேர்ந்தால், நீங்கள் காசு கொடுப்பீர்கள். முடிவை வேறொருவர் எடுத்திருப்பார்.